அவன் பெயருக்கு மேலே

அந்த நாற்காலி வேண்டாம் மக்களே, மேலே ஏசித் தண்ணீர் சொட்டுகிறது. இந்தப் பக்கம் வந்து உட்காருங்கள். மக்களே என்று கூப்பிட்டதில் வருத்தம் இல்லையே? எங்கள் நாகர்கோவில் பக்கம் அப்படித்தான், வாயில் வந்துவிடும். என் மகள் விஜிலாவுக்கும் உங்கள் வயதுதான் இருக்கும். அதோ, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீலச் சுடிதார் போட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாளே, அவள்தான். பக்கத்தில் மூக்கைத் திறந்து வைத்திருக்கிற வெள்ளை வண்டி எங்களுடையது. எங்களுடையது என்று சொல்லக் கூடாதாம், அவளுடையதாம். அதற்காகத்தான் வந்திருக்கிறோம். அந்த வண்டியிலிருந்து என் பெயரை எடுக்க.

நீங்கள் எதற்கு வந்தீர்கள், ஆயில் மாற்றவா? கொடுத்து வைத்தவர்கள். ஆயில் மாற்றினால் சரியாகிற வண்டி நல்ல வண்டி. எங்கள் வண்டிப் பேச்சை எடுத்தாலே எனக்குச் சோறு இறங்காது. காலையில் ஒரே ஒரு இட்லிதான் தின்றேன், அதுவும் நெஞ்சிலேயே நிற்கிறது. இன்றைக்கு என் பெயரை எடுக்கச் சம்மதிக்காவிட்டால் வண்டியையும் விற்றுவிட்டு, பேங்கில் மாற்றல் கேட்டு ஓசூருக்குப் போய்விடுவாளாம். கடிதம் எழுதிப் பையில் வைத்திருக்கிறாள். காட்டினாள். பெற்ற தாயிடம் கடிதத்தைக் காட்டி, "பாத்துக்கிடுங்கம்மா" என்கிறாள்.

நான் எட்டாம் வகுப்புவரை படித்தவள். அவள் அப்பா மின்வாரியத்தில் இருந்தார், போய் ஆறு வருடமாகிறது. மூத்தவன் எட்வின் மஸ்கட்டில். இவள் வள்ளியூரில் பேங்கில் வேலை. நான் உண்டு, என் ஜெபம் உண்டு, பிள்ளைகள் உண்டு. யாரையும் ஒரு சொல் சொல்ல மாட்டேன். ஆனால் இந்த விஷயத்தில், மக்களே, எனக்கு மனுஷ ஜாதியின் மேலேயே அருவருப்பு வந்துவிட்டது.

விஜிலாவைக் கட்டிக்கொடுத்தது தக்கலைப் பக்கம். மருமகன் பெயர் ரெஜின். குடிக்க மாட்டான். சிகரெட் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவில் நின்று பாடுவான், அப்படி ஒரு குரல். நான்தான் பார்த்துப் பார்த்து முடித்தேன். கட்டின மூன்றாம் மாதமே இவள் அழ ஆரம்பித்தாள். ஒரு நாளைக்குப் பதினைந்து தடவை பேங்குக்குப் போன் பண்ணுவானாம். மத்தியானம் சாப்பிடும்போது மேஜையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்வானாம், பக்கத்தில் யார் கை தெரிகிறது என்று பார்க்க. ஒருநாள் வெளிக் கேட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கை நீட்டி அடித்ததில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஒன்றரை வருஷத்தில் ஒரு பையோடு வந்து என் வாசலில் நின்றாள். நான் ஒருநாளும் திரும்பிப் போ என்று சொல்லவில்லை. சேர்த்து வையும் ஆண்டவரே என்று ஜெபித்தேன், அவ்வளவுதான். ஜெபிக்கலாம் அல்லவா? அதுவும் குற்றமா?

அவள் பஸ்ஸில் வள்ளியூர் போய் வந்தாள். அவன் பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்க ஆரம்பித்தான். போன் நம்பரை மாற்றினாள், புது நம்பரையும் கண்டுபிடித்தான். அப்போதுதான் எட்வின், "அம்மா, ஒரு வண்டி வாங்கித் தாறேன், பத்திரமா போயிட்டு வரட்டும்" என்றான்.

என்ன வண்டி தெரியுமா அது? ரோட்டு வெள்ளைக்கோட்டுக்குள் அதுவே ஓடும். ஸ்டியரிங் தானாகத் திரும்பும். முன்னால் ஆடு குறுக்கே வந்தால் அதுவே பிரேக் போடும். நிறுத்தின இடத்திலிருந்து போனில் கூப்பிட்டால் ஆள் இல்லாமல் ஊர்ந்து வெளியே வரும், பார்த்தால் உடம்பு சிலிர்த்துவிடும். அது எந்நேரமும் எங்கேயோ இருக்கிற கம்பெனியோடு பேசிக்கொண்டே இருக்குமாம். போனில் பார்த்தால் வண்டி எங்கே நிற்கிறது, எந்த வேகத்தில் போகிறது, கதவு பூட்டியிருக்கிறதா, எல்லாம் தெரியும். இங்கே இருந்தே கதவைத் திறக்கலாம், பூட்டலாம். திருடன் ஓட்டிக்கொண்டு போனால் நிறுத்தவும் செய்யலாம். உள்ளே ஒரு பெண்குரல் வேறு, "வணக்கம், இன்று எங்கே போகலாம்?" என்று இளித்துக்கொண்டு கேட்கும். உடம்பே இல்லாமல் ஒரு பெண்பிள்ளை, சீ. எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை.

விஜிலா அப்போது நம்பரை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்ததால், எட்வின் வண்டியை என் நம்பரில் பதிந்தான். "இந்த வண்டிக்கு நீங்கதான் முதலாளி" என்றான். இனி யார் போனைச் சேர்க்க வேண்டுமானாலும் என் போனில் சம்மதம் கேட்கும். எனக்குச் சொல்லியும் கொடுத்தான்: "பெட்டி மாதிரி ஒண்ணு வரும்மா. பச்சையை அமுக்குங்க. சிவப்பை அமுக்கினா எதுவும் வேலை செய்யாது." நானும் அப்படியே செய்து வந்தேன். எது வந்தாலும் பச்சை.

புது வண்டியை ஆலயத்துக்குக் கொண்டுபோனோம். எங்கள் சபையில் அது வழக்கம். போதகர் ஐயா வந்து முன்பக்கத்தில் கை வைத்து ஜெபிப்பார். சாவியையும் வண்டிக் கடிதங்களையும் ஒரு தட்டில் பூவோடு பீடத்தில் வைப்போம். இந்த வண்டிக்கு ஒரு அட்டை தந்திருந்தார்கள், கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் கட்டமாக ஒரு சதுரம், கீழே நீளமாக ஒரு எண். அதையும் வைத்தேன். நல்ல பளபளப்பான அட்டை. படம் எடுத்து எங்கள் விடியற்கால ஜெபக்குழுவில் போட்டேன். நூற்றுப் பன்னிரண்டு பெண்கள் இருக்கிறோம் அந்தக் குழுவில். பிள்ளைகளின் பரீட்சை நுழைவுச் சீட்டு, விசா ஒட்டின பாஸ்போர்ட், ஸ்கேன் ரிப்போர்ட், எதுவானாலும் காகிதத்தோடு படம் எடுத்துப் போட்டுவிடுவோம். குறிப்பாக ஜெபிக்க வேண்டும் மக்களே. சும்மா 'வண்டிக்காக ஜெபியுங்கள்' என்றால் எந்த வண்டி என்று எண்ணி முழங்கால் போடுவது?

முதலில் ஆமென் போட்டது யார் தெரியுமா? ராஜபாய். ரெஜினுடைய அம்மா. என் சம்மந்தி. ஆமாம், அவளும் குழுவில்தான் இருந்தாள். எடுத்துவிடுங்கள் என்று விஜிலா இரண்டு தடவை சொன்னாள். ஜெபத்திலிருந்து ஒருத்தியைப் பிடித்து வெளியே தள்ள எனக்கு யார் அதிகாரம் கொடுத்தது? அதுவுமில்லாமல், என்றைக்காவது சேரப்போகிற குடும்பம். நான் இடைக்கிடை அவளோடு பேசவும் செய்தேன். தப்பாக ஒன்றும் இல்லை. "பிள்ளை தங்கம், பேங்குக்குப் போனா வீடு, வியாழக்கிழமை மட்டும் லைப்ரரி, வேற ஒரு இடமும் கிடையாது" என்பேன். மகனிடம் சொல்லட்டும், அவன் சந்தேகம் தீரட்டும் என்றுதான்.

இரண்டு நாள் கழித்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தேன். போனில் பெட்டி வந்தது. 'குடும்ப உறுப்பினர் ஒருவர் இணைய விரும்புகிறார்' என்று தமிழிலேயே இருந்தது. கையெல்லாம் செதில். விரல் முட்டியால் பச்சையை அமுக்கிவிட்டு மீனைக் கழுவினேன். குடும்பம் என்றுதானே போட்டிருந்தது? எட்வினாக இருக்கும் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகுதான் வண்டிக்குப் பைத்தியம் பிடித்தது. பேங்க் வாசலில் நிற்கும்போது தன்பாட்டில் ஹாரன் அடிக்கும். சித்திரை வெயிலில் இவள் கதவைத் திறந்தால் உள்ளே சூடு போடுகிற யந்திரம் ஓடிக்கொண்டிருக்கும், அடுப்புக்குள் போன மாதிரி. ஒருநாள் லைப்ரரியில் அரைமணி நேரம் கூட இருந்தாளாம், வெளியே வந்தால் நான்கு விளக்கும் மின்னி மின்னிக் கூப்பிடுகிறதாம். இதே இடத்துக்கு இரண்டு தடவை கொண்டுவந்தாள். அதோ வருகிறாரே, பால்துரை, இங்கே மேற்பார்வையாளர், அவர்தான் பார்த்தார். "வண்டில ஒரு கோளாறும் இல்ல மேடம், போன்ல இருந்து வந்த கட்டளைதான்" என்றார். விஜிலா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அம்மா, நீங்க எதையும் அமுக்குனியளா?" நான் ஏன் அமுக்குகிறேன்? நான் பார்ப்பேன், அமுக்க மாட்டேன். எனக்கென்னவோ பொல்லாத ஆவியின் வேலை என்று பட்டது. ஜெப எண்ணெய் எடுத்து அந்தத் திரையில் சிலுவை போட்டேன். திரையெல்லாம் பிசுக்கு ஆகிவிட்டது என்று அவள் கத்தினாள்.

என்ன கேட்டீர்கள்? ஆமாம், பார்ப்பேன். பார்க்காமல்? தாய் அல்லவா. காலையில் அவள் தெருமுனை திரும்பினதும் பார்ப்பேன். தோவாளை, ஆரல்வாய்மொழி, முப்பந்தல், பணகுடி, ஒவ்வொன்றையும் அந்தச் சின்னப் புள்ளி தாண்டும்போது ஒரு ஸ்தோத்திரம். பேங்கில் போய் நின்றதும் ஒரு ஸ்தோத்திரம். அப்புறம் வேலைக்கு நடுவே சும்மா எடுத்துப் பார்ப்பேன், புள்ளி அசையாமல் நின்றால் நிம்மதி. ஒரு சாயங்காலம் தோவாளையில் ஒரு பேக்கரி வாசலில் நாற்பது நிமிஷம் நின்றது. வந்ததும் கேட்டேன், "யாருகூட மக்களே டீ குடிச்ச?" கேட்டேன், அவ்வளவுதான். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இப்போதுள்ள பிள்ளைகளுக்குக் கேள்வியே பிடிக்கவில்லை.

சரி, அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஆடிக் காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாயில் அந்த மாதம் லாரியே ஆடும். புதன்கிழமை, சாயங்காலம் ஐந்தரை. இவள் வள்ளியூரிலிருந்து வருகிறாள். முப்பந்தல் தாண்டி, சுற்றிக் காற்றாலைகளைத் தவிர வீடு வாசல் இல்லாத இடம். திடீரென்று அந்தப் பெண்குரல் பேசியதாம். "இந்த வாகனம் திருடப்பட்டதாகப் புகார் வந்துள்ளது. பாதுகாப்பாக நிறுத்தப்படுகிறது." இவள் ஆக்சிலேட்டரை மிதிக்கிறாள், வண்டி கேட்கவில்லை. தானாக இடது பக்கம் ஒதுங்கி, விளக்கு மின்னி, மெதுவாக நின்றுவிட்டது. எவ்வளவு மரியாதையாகச் செய்கிறது பாருங்கள், கழுத்தை அறுக்கிறதை!

இங்கே வீட்டில் நான் புள்ளி நின்றதைப் பார்த்துவிட்டேன். முதலில் பார்த்தது நான்தான், அதை ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். உடனே போன் பண்ணினேன். எடுக்கவில்லை. மறுபடி பண்ணினேன். மறுபடி. ஜெபித்துக்கொண்டே பண்ணினேன்.

ஐந்து நிமிஷத்தில் பின்னால் ஒரு கார் வந்து நின்றது. ரெஜின். வெள்ளைச் சட்டை, தலையை வாரி, பவுடர் போட்டு. கண்ணாடியைத் தட்டி, "என்ன விஜி, வண்டி மக்கர் பண்ணுதா? நல்ல நேரத்துல வந்தேன் பாரு. ஏறு, வீட்டுல விடுதேன்" என்றானாம்.

இவள் கதவைப் பூட்டினாள். அவன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். சிரித்துக்கொண்டே விரலால் ஒரு தட்டு. டக். கதவு திறந்தது. இவள் உள்ளே இருந்து பூட்டினாள். டக். அவன் திறந்தான். கதவை இழுக்கக்கூட இல்லையாம் மக்களே. திறந்து திறந்து காட்டினானாம், ஏழு தடவை. பூனை எலியோடு விளையாடுகிற மாதிரி. அந்த டக் சத்தம் இன்னும் அவள் காதை விட்டுப் போகவில்லை. வீட்டில் நான் சம்புடத்தை மூடினால்கூட எழுந்து போய்விடுகிறாள்.

இவளைக் காப்பாற்றினது யார் என்று நினைக்கிறீர்கள்? கம்பெனியா? எட்டுக் கேமராக் கண் வைத்திருக்கிற வண்டியா? நாலுவழிச் சாலைக்கு நடுவில் அரளிச் செடி வைத்திருக்கிறார்கள் இல்லையா, அதற்குத் தண்ணீர் விடுகிற பெண்கள். டேங்கர் மெதுவாக ஊர்ந்து வந்திருக்கிறது, குழாயைப் பிடித்துக்கொண்டு நாலு பேர். இவள் கண்ணாடியில் அடித்துக் கூப்பிட்டிருக்கிறாள். இசக்கியம்மாள் என்று ஒருத்தி, பெரிய உடம்பு, நான் பிறகு போய்ப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன், அவள் குழாயோடு ரோட்டைத் தாண்டி வந்துவிட்டாள்.

"யாருல நீ? பிள்ள கண்ணாடியில அடிச்சுக் கூப்பிடுதா, நீ பல்லக் காட்டிட்டு நிக்க?"

"நான் அவ புருஷன். குடும்ப விஷயம். நீங்க உங்க வேலையப் பாருங்க."

"புருஷன்னா தள்ளி நில்லு. பூட்டுன கதவ எதுக்குல தொறக்க?"

"வண்டி ரிப்பேரும்மா."

"ரிப்பேர்காரன் இப்படித்தான் பவுடர் அடிச்சுட்டு வருவானா?" என்று சொல்லிக்கொண்டே குழாயைத் திருப்பிவிட்டாளாம். சட்டை, தலை, போன், எல்லாம். மற்ற மூன்று பேரும் சாணியும் செம்மண்ணுமாக வந்து சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி அவன் கார்ச் சாவியைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். ரோந்து போலீஸ் வரும்வரை விடவில்லை. அதைக் கேட்டபோதுதான் என் நெஞ்சு கொஞ்சம் குளிர்ந்தது.

விஜிலா வீட்டுக்கு வந்து முதலில் என்ன சொன்னாள் தெரியுமா? "அம்மா, நான் போலீசுக்கு நம்பர் போடப் போட உங்க கால் வந்து வந்து விழுந்துச்சு. இருபத்திமூணு தடவ." அதற்கு நான் என்ன செய்வேன்? ஆபத்து நேரத்தில் தாய் கூப்பிடாமல் வேறு யார் கூப்பிடுவார்கள்?

நான்கு மாதமாக அவன் போன் அந்த வண்டிக்குள் இருந்திருக்கிறது. நான்கு மாதம்! இவள் எங்கே போனாள், எத்தனை மணிக்குக் கிளம்பினாள், எங்கே தாமதித்தாள், எல்லாம் அவன் படுக்கையில் கிடந்து பார்த்திருக்கிறான். அதைக் கேட்டபோது எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? முருங்கைக்காய் போட்ட சாம்பார்ச் சோற்றைப் பிசைந்து வாயில் வைக்கிறோம், வேறொருத்தர் மென்று துப்பின சக்கை நாக்கில் தட்டுப்பட்டால் எப்படி இருக்கும்? அப்படி. ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். அந்த வண்டி இருக்கையில் இப்போதும் எனக்குச் சாய்ந்து உட்கார முடியவில்லை. வரும்போதுகூட முன்னால் குனிந்தேதான் வந்தேன். ஒரு பெண்பிள்ளையை அவளுக்குத் தெரியாமல் உட்கார்ந்து பார்க்கிறவன் மனுஷனா? சொல்லுங்கள். அதில் என்ன ருசி அவர்களுக்கு?

மகளிர் போலீசில் ஒரு இன்ஸ்பெக்டரம்மா விசாரித்தார். "போனை வண்டியோட சேக்கிற அட்டைக் கோடு எப்படி வெளியே போச்சு?" நான் சொன்னேன், இந்த ஹேக்கர்கள்தான் அம்மா, வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு செய்கிறார்களாம், டிவியில் காட்டினார்கள் என்று. பால்துரையும் கேட்டார், "எங்கயாவது ஷேர் பண்ணுனீங்களாம்மா?" இல்லை என்றேன். பொய் இல்லை மக்களே. நான் ஷேர் பண்ணவில்லை. ஜெபத்துக்கு வைத்தேன்.

விஜிலாவே என் போனை எடுத்து அந்தப் படத்தைக் கண்டுபிடித்தாள். தட்டு, பூ, சாவி, அட்டை. ராஜபாயுடைய ஆமென். கத்துவாள் என்று நினைத்தேன். போனைத் துடைத்து மேஜையில் கவிழ்த்து வைத்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பிறகு அந்தப் பச்சை விஷயமும் வெளியே வந்தது. சேருகிறவன் பெயர் பெட்டியின் அடியில் சின்ன எழுத்தில் இருந்ததாம். மீன் ஆய்கிறவள் கண்ணாடி போட்டுக்கொண்டா இருப்பாள்?

ராஜபாய்க்குப் போன் போட்டேன். "ஜெபத்துக்கு வச்சத எடுத்து மகன் கையில குடுத்தியளே, உங்களுக்கு நரகத்துல இடம் இருக்குமா சம்மந்தி?" என்று கேட்டுவிட்டேன். என் வாழ்நாளில் யாரையும் அப்படிக் கேட்டதில்லை. அவள் நிதானமாகச் சொல்கிறாள்: "படத்தப் போட்டது நீங்க. பச்சைய அமுக்குனது நீங்க. ஆமென் சொன்னது மட்டும் நான். என் மகன் தன் பெஞ்சாதிய ஒரு கண் பாத்துக்கிட்டான், உங்களுக்கு ஏன் எரியுது?" ஒரு கண் பார்த்துக்கொண்டானாம்! பெற்றவள் பேசுகிற பேச்சா அது? அன்றைக்கே அவளைக் குழுவிலிருந்து எடுத்தேன். கை கழுவினேன், சோப்புப் போட்டு, இரண்டு தடவை.

சரி, அவன் போனைப் போலீஸ் கடிதம் கொடுத்து வண்டியிலிருந்து வெட்டிவிட்டார்கள். கேஸ் நடக்கிறது. அதோடு முடிந்தது என்றுதானே நீங்களும் நினைப்பீர்கள்? இல்லை. விஜிலா சொல்கிறாள், வண்டி இனி அவள் நம்பரில் மட்டும்தான் இருக்க வேண்டுமாம். நானும் வெளியே போக வேண்டுமாம். "எல்லாரும்மா. எல்லாரும்னா எல்லாரும்." என்னையும் அவனையும் ஒரே துடைப்பத்தால் கூட்டித் தள்ளுகிறாள். நான் பெற்ற பிள்ளை!

இப்போது காலையில் இங்கே வந்ததும் பால்துரை ஒரு காகிதம் அச்சடித்துக் கொண்டுவந்தார். கேஸுக்கு வேண்டுமாம். இந்த நான்கு மாதத்தில் எந்தப் போன் எத்தனை தடவை வண்டி இருக்கிற இடத்தைப் பார்த்தது என்று. இதோ, என்னிடம்தான் இருக்கிறது, பாருங்கள். ரெஜின், இருநூற்றுப் பன்னிரண்டு. அதற்கு மேலே என் பெயர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறு.

அவன் பெயருக்கு மேலே என் பெயரைப் போட்டிருக்கிறார்கள்! நான் கேட்டேன், "இது என்ன தம்பி, அந்த நாறப்பயலோட சேத்து என்ன எழுதியிருக்கிய?" அவருக்கு என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "எண்ணிக்கைப்படி சிஸ்டமே அடுக்கும்மா, நாங்க இல்ல" என்றார். ஸ்தோத்திரத்துக்கு ஒரு சிஸ்டம் கணக்கு எடுக்குமா? ஒவ்வொரு தடவையும் நான் ஜெபித்தேன். அவன் என்ன ஜெபித்தானா?

விஜிலா காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். அப்புறம் என் கையில் கொடுத்து, "அவன் உங்களவிடக் கொஞ்சமாத்தான் பாத்திருக்கான்மா" என்று சொல்லிவிட்டு, அதோ அங்கே போய் நின்றுவிட்டாள். அப்போதிருந்து இந்தப் பக்கம் திரும்பவில்லை.

இருங்கள், பால்துரை வருகிறார்.

"இன்னும் எண் வரல தம்பி. இங்க சிக்னலே இல்ல."

போய்விட்டார். உங்களிடம் சொல்வதற்கென்ன, முதல் எண் என் போனுக்கு வந்து அரைமணி நேரமாகிறது. ஆறு இலக்கம். அதை அவரிடம் சொன்னால் என் போன் வெளியே, அவள் போன் உள்ளே. பத்து நிமிஷம் கழிந்தால் செல்லாது, மறுபடி அனுப்புகிறார். இது மூன்றாவது. சிக்னல் இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆண்டவர் மன்னிக்கட்டும்.

அப்படிப் பார்க்காதீர்கள் மக்களே. உங்களுக்கு அம்மா இருக்கிறார்களா? உங்கள் அம்மா பார்க்க மாட்டார்களா? ... என்ன? அவர்களுக்கு நீங்கள் இங்கே வந்திருப்பதே தெரியாதா? போனில் சொன்னால்தான் தெரியுமா? அப்படியும் இருக்கிறார்களா தாய்மார்.

அந்தப் பேக்கரி அன்றைக்கு என்ன நடந்தது என்று பிறகு சொன்னாள். யாரும் இல்லை. தனியாக ஒரு டீயும் பன்னும் வாங்கி வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருந்தாளாம். வீட்டுக்கு வர மனது வரவில்லையாம். நான் கேட்டேன், வந்ததும் வராததுமாக, யாருகூட என்று. அப்போது அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. மாவு மாதிரி, ஒன்றுமே எழுதாத காகிதம் மாதிரி. அந்த முகத்தை நான் முன்னாலேயே பார்த்திருக்கிறேன். கேட்டைப் பூட்டிவிட்டுப் போனான் என்று சொல்லி ஒரு பையோடு வந்து என் வாசலில் நின்றாளே, அன்றைக்கு. அதே முகம்.

சீ. எதற்கு இதை உங்களிடம் சொல்கிறேன். வாயெல்லாம் கசக்கிறது. அந்தத் தண்ணீர் பாட்டிலை எடுங்கள்.

"தம்பி! இங்க வாங்க. வந்துட்டு. எழுதிக்கிடுங்க. நாலு, ஏழு, ஏழு. பூஜ்யம். ரெண்டு. ஒம்போது. ஆமா, ஒம்போது. போதுமா? வேற ஒண்ணும் சொல்லாண்டாம், போங்க."

கொடுத்துவிட்டேன். பார்த்தீர்கள் அல்லவா, நீங்கள்தான் சாட்சி. இனி ஓசூர் கீசூர் என்று பேசக் கூடாது அவள். இதோ, போனில் வந்துவிட்டது. 'உங்கள் கணக்கில் வாகனம் எதுவும் இல்லை.' ரோடு எல்லாம் அப்படியே இருக்கிறது பாருங்கள், தோவாளை, ஆரல்வாய்மொழி, முப்பந்தல். புள்ளியை மட்டும் காணோம். கொஞ்சம் இழுத்துப் பார்க்கிறேன், கீழே எங்காவது... இல்லை. வள்ளியூரிலும் இல்லை. பெரிதாக்கினால் தெரியுமா? உங்கள் கண் நல்ல கண், நீங்கள் பாருங்களேன். இல்லையா? வண்டியை வெளியே எடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது, அந்த இடம் காலியாகக் கிடக்கிறது. போய்விட்டாள் அப்படியென்றால். என்னை விட்டுவிட்டுப் போய்விட்டாள். எந்தப் பக்கம் போனாள் என்றுகூட இனி எனக்கு...

என்ன? யார்? எங்கே, என் பின்னாலா?

மக்களே, விஜிலா... நீ எவ்வளவு நேரமா இங்க நிக்க?